எல்லாமா, ஏதாவது ஒன்றா

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. என் அறையில் இருப்பதற்கு ஒரு கை உடைந்துபோய், டேப் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன். பகல் நேரத்தில் கண்ணெதிரே ஸ்கிரீன் இல்லாமல் இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று, வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருடம் நான்கு மாதம். உங்கள் சுவர்க் கடிகாரம் சரியான மணிதானே காட்டுகிறது? பதினொன்று இருபது. சரி.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மருந்தகத்தில் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும்போது ஸ்கிரீன் சிவப்பாக வந்ததா, பச்சையாக வந்ததா என்பது எங்கேயாவது பதிவாகிறதா என்று கேட்டீர்கள். இல்லை. யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், 'சரி' என்று அழுத்தினார்களா என்பதெல்லாம் பதிவாகும். நிறம் பதிவாகாது. இந்த 'இல்லை'யோடு கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கிளம்பியிருக்கலாம், மனு விசாரணைக்குச் சாட்சியாகத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும், "அவசரம் ஒண்ணும் இல்ல, ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியே சொல்கிறேன். உங்கள் தட்டச்சர் கையைக் காட்டினால் நிறுத்திக்கொள்கிறேன்.

பத்தொன்பது வருடமாக அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறேன். என் அறை கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இருக்கிறது. சுவரில் கை வைத்தால் சுடும். ஜன்னல் கிடையாது. டாக்டர்களுக்கு என் முகம் தெரியாது. ஏதாவது வேலை செய்யாமல் நின்றால்தான் இப்படி ஒருவன் இருப்பதே நினைவுக்கு வரும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. யாரும் கவனிக்காமல் இருப்பதுதான் என் தொழிலில் நல்ல பெயர்.

கீழே இறங்கி வந்து என்னைப் பார்த்த ஒரே ஆள், மருந்தகத்தின் பொறுப்பாளர். உங்களிடம் வந்திருக்கும் மனு யாரைப் பற்றியதோ, அவர்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. தலை நரைத்த டாக்டர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, மேஜை மேஜையாகக் கண்ணாடியைத் தேடுவார். ஆனால் மருந்து விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஒவ்வொரு சீட்டுக்கும் நோயாளியின் அட்டையை எடுத்து, அலர்ஜி என்ற கட்டத்தில் விரலை வைத்து, வாய்விட்டுப் படித்த பிறகுதான் அலமாரியைத் திறப்பார்.

அப்போது அவருடைய புகார் ஒன்றுதான். "தம்பி, உன் ஸ்கிரீன் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. அது நிக்கறதுக்குள்ள வந்தவங்களுக்கு வியாதி தானா சரியாயிடும் போல."

அவர் சொன்னது உண்மைதான். சீட்டைப் போட்டு 'சரிபார்' என்று அழுத்தினால் பன்னிரண்டு விநாடி ஆகும். கூட்டமான நேரத்தில் இருபது. ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல் வரை நிற்கும்.

எதனால் தாமதம் என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பட்டியல் உண்டு: அவர் உடம்புக்கு ஆகாத பொருட்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பட்டியல் உண்டு: அதில் சேர்ந்திருக்கும் பொருட்கள். இரண்டு பட்டியலிலும் ஏதாவது ஒரு பொருள் பொதுவாக இருந்தால் ஸ்கிரீன் சிவப்பாக வேண்டும். இல்லாவிட்டால் பச்சை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், இதைக் கண்டுபிடிக்க நாலரை லட்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்படி எழுதி வைத்திருந்தார். புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது போல.

புத்தகத்தின் பின்னால் சொல்லடைவு போடுவார்கள் இல்லையா, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று? டேட்டாபேஸுக்கும் அப்படி ஒன்று போடலாம். அதன் பெயர் இண்டெக்ஸ். பென்சிலின் என்று கேட்டால், அது கலந்திருக்கும் வரிகளின் எண்களைக் கையில் கொடுத்துவிடும். நான் போட்டேன். போட்டும் பன்னிரண்டு விநாடிதான் ஆயிற்று. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது: டேட்டாபேஸிடம் கேள்வியை நம் இஷ்டத்துக்குக் கேட்டால் அந்த இண்டெக்ஸ் எட்டிப் பார்க்காது. சில குறிகளைப் போட்டுக் கேட்டால் மட்டும்தான் உதவும். பழைய கேள்வி வேறு வடிவத்தில் இருந்தது.

அந்தக் குறிகளில் இரண்டைப் பற்றிச் சொன்னால் போதும். ஒன்று, மின்னஞ்சல் முகவரியில் வருமே அந்த அட் குறி, அதன் வலப்பக்கம் ஒரு கூர்முனை. 'இந்தப் பட்டியலுக்குள் அந்தப் பட்டியல் முழுவதும் இருக்கிறதா' என்று அது கேட்கும். இன்னொன்று, கடைப் பலகைகளில் இரண்டு கூட்டாளிகளின் பெயருக்கு நடுவே போடுகிறார்களே, அந்த 'அண்ட்' குறி இரண்டு தடவை. 'இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது ஒன்று இருக்கிறதா' என்று கேட்கும். எல்லாமா, ஏதாவது ஒன்றா. வித்தியாசம் அவ்வளவுதான். நான் போட்டிருக்க வேண்டியது இரண்டாவது. போட்டது முதலாவது. ஸ்டாக் தேடுவதற்காக முன்பு எழுதிய ஒரு கேள்வியிலிருந்து எடுத்து ஒட்டினேன். அங்கே அதுதான் சரியான குறி.

ஒரே ஒரு அலர்ஜி உள்ளவருக்கு எல்லாமும் ஒன்றுதான், ஏதாவது ஒன்றும் ஒன்றுதான். அதனால் சோதித்தபோது எல்லாம் சரியாக வந்தது. சோதனைக்கென்று நான் உருவாக்கி வைத்திருந்த நோயாளிக்குப் பென்சிலின் மட்டும்தான் ஆகாது. பெயர்கூட 'சோதனை' என்றுதான் வைத்திருந்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சோதித்த அன்று காலை ஒரு வேடிக்கை நடந்தது. அலர்ஜியே இல்லாத நோயாளிகள் அத்தனை பேருக்கும், எந்த மருந்தைப் போட்டாலும் சிவப்பாக வந்தது. யோசித்தால் நியாயம்தான். ஒன்றுமே இல்லாத பட்டியல் எந்தப் பட்டியலுக்குள்ளும் அடங்கிவிடும். நான் தனியாகச் சிரித்துக்கொண்டு, 'பட்டியல் காலியாக இருந்தால் கேட்காதே' என்று ஒரு வரியைச் சேர்த்தேன். சரியான குறியைப் போட்டிருந்தால் அந்த வரிக்கே அவசியம் வந்திருக்காது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இதைத் தவறு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். தவறு யாருக்கும் நேரும்.

மறுநாள் அக்கா பட்டனை அழுத்தினார். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "அடேயப்பா, என்னப்பா இது, மந்திரமா?" என்றார். இன்னொரு சீட்டைப் போட்டார், இன்னொன்று. குழந்தை விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல விளையாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. மதியத்துக்குள் வரிசை கரைந்துவிட்டது. நிர்வாக மேலாளர் கீழே இறங்கி வந்தார், நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக. வந்து என் கையைக் குலுக்கிவிட்டு, சுவர் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேட்டார்.

அடுத்த வாரம் அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கணினியே உடனடியாகச் சரிபார்த்துவிடுவதால், இனி மருந்தகத்தில் அட்டையை எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, நேரம் மிச்சம். அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இது நல்லால்ல தம்பி. மெஷின் பாட்டுக்கு மெஷின் பாக்கட்டும், நான் பாட்டுக்கு நானும் பாக்கறேனே" என்றார். நான் என்ன சொல்வது? என் வேலையை நானே குறைத்துப் பேசுவதா? "பயப்படாதீங்க அக்கா, அது தப்பு பண்ணாது" என்றேன். அப்போது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் அக்காதான். ஜன்னலில் ஒரு பெண்மணி சீட்டைக் கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். ஸ்கிரீன் பச்சை. அக்கா சந்தேகப்பட்டு அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்று சீட்டிலேயே இருந்தது. மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டு, படியிறங்கி நேராக என்னிடம் வந்தார். எழுதித் தரவில்லை, நாங்கள் இரண்டு பேரும் எதையும் எழுதிக்கொள்கிற பழக்கமில்லை. "பழைய பதிவா இருக்கும் அக்கா, பாக்கறேன்" என்றேன்.

அவர் போனதும் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. இரண்டு அலர்ஜி உள்ளவருக்கு, இரண்டுமே ஒரே மருந்தில் இருந்தால்தான் சிவப்பு வரும். அப்படி எந்த மருந்தும் கிடையாது. ஆக, ஒருவருக்கு அலர்ஜிகள் கூடக்கூட, அவருக்கு எல்லா மருந்தும் பச்சை.  

குறியை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு எழுத்தை அழித்து வேறு இரண்டு எழுத்து. அதையும் அந்த இண்டெக்ஸ் ஆதரிக்கும், வேகமும் குறையாது. என்னைவிட அது யாருக்குத் தெரியும்? ஆனால் எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமானாலும் படிவம் போட வேண்டும். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மேலாளர் உட்பட இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதுவது? எத்தனை நாளாக இப்படி என்று கேட்பார்கள். அதுவரை போன ஒவ்வொரு சீட்டையும் தோண்டுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவரை, வேகம் போதவில்லை என்பதற்காகவே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஐம்பத்திரண்டு நாளில் காலாண்டுப் பராமரிப்பு வர இருந்தது. அன்றைக்கு நூற்றுக்கணக்கான மாற்றங்கள் மொத்தமாகப் போகும். ஒவ்வொன்றையும் யாரும் படிக்க மாட்டார்கள். அதோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் அக்கா கேட்டபோது, "சரி பண்ணியாச்சு அக்கா" என்றேன். செய்யப்போவதைத்தான் சொன்னேன், ஐம்பத்திரண்டு நாள் முன்கூட்டிச் சொன்னேன்.

அதுவரை சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. இரண்டும் அதற்கு மேலும் அலர்ஜி உள்ளவர்களில், ஆகாத மருந்து எழுதப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கிற கேள்வியை எழுதினேன். அதில் சரியான குறியைப் போட்டேன். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு. மூன்று வேளையும் எடுப்பேன். நாலு வரி வரும், ஆறு வரி வரும். காலைப் பட்டியலுக்கு ஒன்பது மணிக்கு நர்சுகள் ஆள் மாறிய பிறகும், மற்றவற்றுக்கு உடனேயும், ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டு, "பதிவு சரிபார்க்கறோம் சிஸ்டர், இந்த நோயாளியோட அட்டையை ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்பேன். அவர்கள் பார்ப்பார்கள்; பெரும்பாலான வரிகளில் டாக்டரே ஏற்கெனவே மாற்றி எழுதியிருப்பார், மற்றவற்றில் ஐயையோ என்று மருந்தை நிறுத்துவார்கள். முதல் மாதத்திலேயே பதினேழு பேர். அந்தப் பதினேழு பேருக்கும் என்னைத் தெரியாது.

மணி என்ன ஆகிறது? பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். இல்லை, தண்ணீர் வேண்டாம். நன்றி.

தையல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்தாறு வயது, காலில் மெஷின் பெல்ட் மாட்டிக் கிழித்த புண். நான்காம் வார்டில் சேர்த்திருந்தார்கள். பென்சிலின் ஆகாது, ஆஸ்பிரின் ஆகாது. அவருக்கு எழுதிய ஊசி பென்சிலின் வகை. நான் பட்டியல் எடுக்க ஆரம்பித்து நாற்பதாவது நாள் அது. காலைப் பட்டியலிலேயே அவர் இருந்தார்.

பார்த்தேன். கவனிக்காமல் விட்டேன் என்று சொல்லப்போவதில்லை. நான்காம் வார்டின் தலைமை நர்ஸ் கறாரானவர். அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டிருந்தேன். இரண்டாவது தடவை, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? உங்க கம்ப்யூட்டர் சரியா இருந்தா நீங்க ஏன் எனக்கு போன் பண்றீங்க? இன்னொரு தடவ வந்துச்சு, மேனேஜர்கிட்டயே கேட்டுடறேன்" என்றார். புத்திசாலியான கேள்வி. அவர் மேலாளரிடம் கேட்டால் மேலாளர் என்னிடம் கேட்பார். பராமரிப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மக்கள் அலர்ஜி என்று எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். வயிறு பொருமினாலும் அலர்ஜி என்பார்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை, இதை டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊசி மதியம் ஒன்றரைக்கு. நான் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு முன்னால் ஒலிபெருக்கியில் அவசர டாக்டர்களை நான்காம் வார்டுக்கு அழைத்தார்கள். எங்கள் தளத்தில் அது சரியாகக் கேட்காது. துணி மெஷின் சத்தம். எனக்குக் கேட்டது.

பிறகு மருத்துவமனையின் விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஐந்து பேர். மேலாளர் தலைமை. பராமரிப்பைத் தள்ளி வைத்தார்கள். விசாரணை முடியும் வரை எதையும் யாரும் தொடக்கூடாது. என்னைக் கூப்பிட்டு, அந்த ஊசி மருந்தையே போட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். 'சோதனை' என்ற நோயாளியைத் திறந்து, அதே மருந்தைப் போட்டு, பட்டனை அழுத்தினேன். கூடம் முழுவதும் தெரியும்படி சிவப்பாக வந்தது. அந்த நோயாளிக்கு எத்தனை அலர்ஜி என்று ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள், என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. டேட்டாபேஸும் அப்படித்தான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

அக்கா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இவ்வளவு சிவப்பா வந்திருந்தா நான் பாத்திருப்பேனே" என்றார்.  'இரண்டு அலர்ஜி இருந்தா பச்சை வருதுன்னு இவன்கிட்ட சொன்னேன்' என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். தம்பிதான் மறுநாளே சரி செய்துவிட்டானே என்ற நம்பிக்கை. வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்திருப்பேன்தானே தம்பி?" என்று கேட்டார். கை சில்லென்று இருந்தது. "அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி அக்கா" என்றேன்.

சிவப்பைக் கவனிக்காமல் 'சரி' அழுத்திவிட்டார் என்று முடிவாகி, அக்காவின் உரிமம் போயிற்று. வேலை போயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூட வேனில், பிள்ளைகளை ஏற்றி இறக்கி எண்ணிப் பார்க்கும் வேலை. நான் பஸ் ஏறும் நிறுத்தத்தில்தான் அந்த வேனும் நிற்கும். ஒவ்வொரு தலையையும் விரலால் தொட்டு எண்ணுவார், வாய்விட்டு. என்னைப் பார்த்தால், "சாப்பிட்டியா தம்பி? என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்பார். உங்களிடம் வந்திருக்கும் மனு, அவர் வீட்டுக்காரர் போட்டது. அக்கா வேண்டாம் என்றாராம். நேற்றுக் காலை அவரே சொன்னார்: "விட்டுடுங்கன்னா கேக்க மாட்டேங்கறார். நான்தான் பாக்கல தம்பி. எனக்கே இப்ப அந்தப் பச்சை ஞாபகம் இல்ல. அந்த மனுஷன் சாவுக்கு நான்தான் காரணம்." சொல்லிவிட்டு, எண்ணிக்கை விட்டுப்போயிற்றென்று முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.  அவர்மேல் எனக்கு உண்மையான பாசம் உண்டு; நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

விசாரணை முடிந்ததும் மாற்றியிருக்கலாம்தான். ஆனால் எந்த வரியை, யார், எந்தத் தேதியில், எதிலிருந்து எதுவாக மாற்றினார்கள் என்பது நிரந்தரமாகப் பதிவாகும். நிறம் பதிவாகாது, இது பதிவாகும். தையல்காரர் போன பிறகு அந்த வரியைத் தொடுவது, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல ஆகிவிடும். அதனால் தொடவில்லை. பட்டியலை மட்டும் விடாமல் எடுத்துவருகிறேன்.

இரண்டு வருடம் நான்கு மாதம். ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. மாமனார் இறந்த வீட்டில், மாடிப்படியில் உட்கார்ந்து வார்டுகளைக் கூப்பிட்டேன். நர்சுகள் எனக்கு 'அலர்ஜி அண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழகிவிட்டார்கள், இப்போதெல்லாம் கோபப்படுவதில்லை. விடுப்பே எடுக்காத ஊழியர் என்று போன வருடம் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையில் ஏறும்போது பன்னிரண்டு மணிப் பட்டியல் தாமதமாகிறதே என்றுதான் நினைத்தேன். என் மனைவி ஒருநாள், "ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் எது ஒத்துக்காதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. எனக்கு எது ஒத்துக்காதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இரவில் எழுதப்படும் சீட்டுகள் மறுநாள் காலைதான் என் பட்டியலுக்கு வரும். அதற்குள் மருந்து போயிருந்தால் நான் என்ன செய்ய முடியும்? அப்படி இரண்டு பேர். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்தது. தனி மனிதனால் இதற்கு மேல் எவ்வளவு முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். இதுவரை முந்நூற்று எண்பத்தாறு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு பெயரும் ஒரு நோட்டில் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். அதில் தையல்காரர் பெயரும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இது. அந்தத் தவறான குறியைப் போட்டவன் நான். தெரிந்த பிறகும் வைத்திருந்தவன் நான். தையல்காரர் பெயரைக் காலையிலேயே பார்த்துவிட்டு மதியம் சாப்பிட்டவன் நான். அக்கா பார்த்தது பச்சை. அவரிடம் இதை யாராவது நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், என்னால் முடியாது. எனக்கு வேண்டியது ஒரு பத்து நாள் விடுப்பு. பட்டியலை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் தூங்குவேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? மணி பன்னிரண்டு பத்து என்று போடட்டுமா?

இன்னும் ஒன்று. காலை எட்டு மணிக்கு எடுத்த பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஐந்து வரிகள். மூன்றாவது வரியில் இருப்பவர் ஏழாம் வார்டு, முப்பத்தோரு வயது, பள்ளி ஆசிரியை, மூன்று அலர்ஜி. அதே வகை ஊசி, பன்னிரண்டு மணிக்கு. வழக்கமாக ஒன்பதுக்கே கூப்பிட்டிருப்பேன். இன்று ஒன்பதுக்கு இங்கே வரச் சொல்லிவிட்டீர்கள். வாசலில் போனை வாங்கி, கம்பித் தட்டில் வைத்து, பதினெட்டு என்று டோக்கன் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தத் தட்டுக்கு எதிரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். திருப்பிக் கேட்டால் எதற்கு என்பார்கள். உள்ளே வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நடுவில் ஒரு தடவை மணி கேட்டேனே, அப்போது பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நீங்கள்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள்.